சோப்புக் குமிழி போன பக்கம்

கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவள் ரோனா பர்டி. அவள் கொண்டுபோன ஊசி, செம்மான்.

போன இடம் ஸ்காட்லாந்தின் வடக்கே க்ளென் டாரன் பள்ளத்தாக்கு. அங்கே மனிதர்கள் இருநூறு, செம்மான்கள் இரண்டாயிரம். பள்ளிக்கூடத்தில் ஏழே பிள்ளைகள். அந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு அப்பனோ மாமனோ மான் வேட்டைக்கான மலை எஸ்டேட்டில் வேட்டைக்காரன். மான்கறி தின்று பல் முளைத்த அந்தக் கூட்டத்துக்கு, பெய்ஸ்லி நகரத்து மூன்றாம் மாடியில் வளர்ந்தவள் மானைப் பற்றிப் பாடம் எடுக்கப்போகிறாள் என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. ரோனா அதற்கெல்லாம் அடங்குகிற ஆளில்லை. அக்டோபர் விடுமுறை இரண்டு வாரமும் வீட்டுக்குள்ளேயே கிடந்து, பழைய செய்தித்தாள், மாவுப்பசை, கம்பி வைத்து ஒரு கலைமான் தலையைச் செய்து முடித்தாள். பன்னிரண்டு கிளைக் கொம்பு, கண்ணாடிக் கண், முக்காரம் போட்டுக் கத்துவதற்குத் திறந்த வாய். செய்து முடித்ததும் அவளே பயந்துபோய் இரண்டு நாள் அதன் மேல் போர்வை போட்டு வைத்திருந்தாள் என்றால் பாருங்கள்.

பள்ளி திறந்த திங்கட்கிழமை, வகுப்பின் நடுவே அந்தப் போர்வையை இழுத்தாள். ஏழு பேரும் வாயடைத்துப் போனார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"மிஸ், குதிரை சூப்பரா இருக்கு," என்றான் லாக்லன். வயது ஐந்து. மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற வயது.

"குதிரையா? கொம்பு இருக்கேடா!"

"அப்ப கொம்புக் குதிரை."

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சரின் மானத்தைக் காப்பாற்ற லாக்லனின் அக்கா எழுந்து நின்றாள். பத்து வயது ஹெக்டரீனா. தாத்தா பெயர் ஹெக்டர். முதலில் பிறந்தது பெண் என்பதற்காக அந்தப் பெயரை வீணாக்குவார்களா? வாலில் கொஞ்சம் நீட்டி இவளுக்கே வைத்துவிட்டார்கள்.

"தப்பா நினைக்காதீங்க மிஸ். வாய்க்குள்ள மேல முன்பல்லு வரிசையா வச்சிருக்கீங்க. மானுக்கு மேல முன்பல்லே கிடையாது, வெறும் ஈறுதான். ஓரத்துல ரெண்டு குட்டிப் பல்லு மட்டும் இருக்கும். எங்கம்மா போட்டிருக்கிற தோடு அந்தப் பல்லுல செஞ்சதுதான்."

ரோனாவுக்கு முகம் ஜிவ்வென்று சூடேறியது. இரண்டு வார உழைப்பு! போர்வையை மறுபடி இழுத்து மூடிவிட்டு எல்லோரையும் வாய்ப்பாடு எழுதச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் மேஜை இழுப்பறையைத் திறந்து குறட்டை எடுத்து ஹெக்டரீனாவின் கையில் வைத்தாள்.

"பிடுங்கு."

"நிஜமாவா மிஸ்?"

"எனக்குத் தெரியல, உங்களுக்குத் தெரியுது. இந்த வாரம் பூரா நீங்க சொல்லுங்க, நான் பசை தடவுறேன்."

மத்தியானத்துக்குள் மானுக்கு எட்டுப் பல் போயிற்று, காது இரண்டு அங்குலம் கீழே இறங்கியது, கழுத்தில் இலையுதிர்காலப் பிடரிமயிர் முளைத்தது. ஏழு பேருக்கும் முழங்கை வரை பசை. பள்ளிக்குச் சமைக்கிறவளும் வேன் ஓட்டுகிறவளுமான பெகி, சூப் பாத்திரத்தோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இது பள்ளிக்கூடமா, பல்லாஸ்பத்திரியா? ஆனா டீச்சர், நான் இந்த அடுப்புல நிக்க ஆரம்பிச்சு இருபது வருஷம் ஆச்சு. இதுங்க சாப்பாட்டு மணியை மறந்து இன்னைக்குத்தான் பாக்கிறேன்."

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவே ரோனாவுக்கு ஒரு கவலையும் இருந்தது. அவள் வேலை அக்டோபர் முடியும் வரை தற்காலிகம். 'இவர் எங்களுக்கு வேண்டும்' என்று பெற்றோர் குழு ஒரு கடிதம் எழுதினால்தான் நிலைக்கும். கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை. குழுவின் தலைவர், ஹெக்டரீனாவின் அப்பா, எஸ்டேட்டின் மூத்த வேட்டைக்காரர் ஃபார்க்கர். இதற்கு முன் வந்த இரண்டு டீச்சர்களும் முதல் பனி விழுமுன்னே மூட்டை கட்டியதால், நகரத்துக்காரர்கள் என்றாலே அவருக்கு ஒரு இளக்காரம். ரோனாவுக்கோ இந்த வேலை வேண்டும். இருபத்தெட்டு வயதில் முதன்முறையாக, அலாரம் அடிக்குமுன்பே எழுந்து வேலைக்கு ஓடத் தோன்றியிருந்தது. அதை விட அவளுக்கு மனமில்லை.

செவ்வாய்க்கிழமை ஃபார்க்கரே வந்தார். வசந்தத்தில் மலையில் உதிர்ந்து கிடந்த கொம்புகளை ஒரு கோணிப்பை நிறைய, மகள் கேட்டாள் என்று கொண்டுவந்து கொட்டினார். பிள்ளைகள் அவற்றை வயது வாரியாக அடுக்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேஜை மேல் அட்டைக் குழாய்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் காகிதம் ஒட்டி ஊமத்தம்பூ மாதிரி விரித்திருந்தார்கள்.

"இது எதுக்கு டீச்சர்?"

"கலைமான் மாதிரி முக்காரம் போட. வெள்ளிக்கிழமை மலைக்குப் போறோம். ஒரு மானாவது பதில் சொல்லும்னு பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

ஃபார்க்கர் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த புகையிலைப் பைப்பே அணைந்துபோனது. "அக்டோபர் கடைசி டீச்சர் இது! ஒரு மாசமா பொம்பளை மானுக்காகக் கத்திக் கத்தி அவனுங்களுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. நானே பசுக்கொம்பு வச்சு ஊதினாலும் இப்ப திரும்பிப் பாக்க மாட்டானுங்க. உங்க பேப்பர் குழாய்க்கா பதில் சொல்லப்போறான்?"

"சொன்னா?"

"சொன்னா அன்னைக்கு சாயங்காலமே அந்த லெட்டரை என் கையால எழுதுறேன்."

"சொல்லலைன்னா?"

அவர் பைப்பைத் தட்டினார். பிள்ளைகளைப் பார்த்தார். "அப்ப யோசிப்போம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஹெக்டரீனாவின் முகம் சுண்டிப்போனதை ரோனா கவனித்தாள்.

மறுநாள் காலை ஹெக்டரீனா வகுப்பின் முன்னால் நின்று, பெரிய வேட்டைக்காரன் தோரணையில் பாடம் எடுத்தாள். "மானோட கண்ணை ஏமாத்தலாம், காதை ஏமாத்தலாம். மூக்கை மட்டும் முடியாது. காத்து நம்மகிட்டேருந்து அது பக்கம் போச்சுன்னா தீந்தது கதை. எங்கப்பா புல்லைப் பிச்சுப் போட்டுப் பாப்பாரு."

ரோனாவும் புல்லைப் பிய்த்துப் போட்டாள். அது நேராகக் காலடியில் விழுந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியலையே! காத்து போற வழி பூரா கண்ணுக்குத் தெரிஞ்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டவள், அந்தக் கேள்வியை முடிக்குமுன்பே சமையலறைக்கு ஓடினாள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் ஒரு பாட்டில், வளைத்த கம்பி ஏழு.

முற்றத்தின் நடுவே பெகி நாற்காலி போட்டு, கொம்பில்லாத காகிதத் தலை ஒன்றை மாட்டிக்கொண்டு, ஸ்வெட்டர் பின்னியபடி பிணைமானாக உட்கார்ந்தாள். பிள்ளைகள் குமிழி ஊதிக்கொண்டே தவழ்ந்து அவளை நெருங்க வேண்டும். ஒரு குமிழி பெகி மேல் பட்டாலும் ஆட்டம் காலி.

"மனுச வாடை! மனுச வாடை!" என்று பெகி கத்துவாள்; ஊதினவன் ஓடிப்போய் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேட்டைக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஆயிற்றே, ஊதித் தள்ளிவிடுவோம் என்று இறங்கியவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் மாட்டினார்கள். காற்றை எதிர்த்துத்தான் தவழ்ந்தார்கள். ஆனாலும் குமிழி பள்ளிச் சுவரில் மோதி, வட்டம் போட்டு, பின்பக்கமாக வந்து பெகியின் மூக்கில் உடைந்தது.

ஹெக்டரீனா முழங்காலில் எழுந்து நின்றுவிட்டாள். "மிஸ்! காத்து சுவத்துல முட்டித் திரும்புது மிஸ்! பாறைப் பள்ளத்துலயும் இப்படித்தான் திரும்பும்! அதான் அப்பா மூணு வருஷமா அங்க போய்ப் போய்ப் பிளந்த குளம்பனை விட்டுட்டு வர்றாரு!"

"யாரது பிளந்த குளம்பன்?"

"பெரிய கிழட்டுக் கலைமான். முன்னங்கால் குளம்பு நுனி பிளந்திருக்கும். தடம்தான் கிடைக்குது, ஆள் கிடைக்க மாட்டான். அவன் பேரை எடுத்தாலே எங்கப்பா சாப்பிட மாட்டாரு."

வியாழக்கிழமை மழை. சேற்றில் செம்மறித் தடம், கோழித் தடம், பெகியின் பூட்ஸ் தடம் எல்லாவற்றிலும் சுண்ணாம்பு மாதிரி, சிலை வார்க்கிற வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுத்தார்கள். கடைசியில் லாக்லன் தன் முகத்தையே சேற்றில் பதித்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்தது. பெகியின் வேன் மலையடி வரை போனது. இறங்கும்போதுதான் தெரிந்தது, லாக்லன் வழியெல்லாம் தன் குழாய் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறான் என்று. சப்பையாகிவிட்ட அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் உதட்டைப் பிதுக்கினான். ஹெக்டரீனா நசுங்கிய இடத்தில் டேப்பைச் சுற்றிக் கொடுத்து அழுகையை நிறுத்தினாள்.

பெகியை வேனிலேயே விட்டுவிட்டு, எல்லோரும் ஒரு மொட்டைக் குன்றின் மேல் ஏறிப் படுத்தார்கள். மேலே, வடக்குப் பக்கம், புதர் மண்டிய பெரிய சரிவு. கீழே, தெற்குப் பக்கம், பிர்ச் மரங்கள் நின்ற ஓடை. ரோனா ஒரு குமிழி ஊதினாள். அது தலைக்கு மேல் தயங்கிவிட்டு, தெற்கே ஓடைப் பக்கம் நகர்ந்து போனது.

"ஹெக்டரீனா, நீ முதல்ல."

அவள் குழாயை வாயில் வைத்து அடிவயிற்றிலிருந்து ஊதினாள். மலை அதை வாங்கி இரண்டு முறை திருப்பிச் சொன்னது. அப்புறம் அமைதி. ரோனா மனதுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று...

மேல் சரிவின் இடதுபக்கப் பாறையிலிருந்து வந்தது. ஆழமான, நீண்ட ஒரு முக்காரம்!

பிள்ளைகள் துள்ளி எழுந்தார்கள். "பதில்! பதில் சொல்லிட்டான் மிஸ்!" ரோனாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கடிதம், வேலை, குளிர்காலம், அடுத்த வசந்தத்தில் கொம்பு பொறுக்கப் போவது எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் ஓடியது. ஹெக்டரீனா மட்டும் குதிக்கவில்லை. அவள் ரோனாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"மிஸ், அது எங்கப்பா."

"என்ன?"

"கடைசியில ஒரு இருமல் வந்துச்சுல்ல? பைப் பிடிக்கிற மான் எங்க இருக்கு? நான்தான் நேத்து அழுதேன். மிஸ் போகக் கூடாதுன்னு அழுதேன். அதுக்காக வந்திருக்காரு." அவள் குரல் தேய்ந்தது. "மத்தவங்களுக்குத் தெரியாது மிஸ். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்."

ரோனா இடதுபக்கப் பாறையைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், வேலை அவளுடையது. பந்தயம் வைத்தவரே தோற்றுக்கொடுக்க வந்திருக்கும்போது இவளுக்கென்ன? அந்தக் கரடுமுரடான ஆளின் மேல் அவளுக்குச் சட்டென்று பிரியம் பொங்கியது. ஆனால் மேல்பல்லைப் பிடுங்கச் சொல்லிக் குறட்டை எடுத்துக் கொடுத்ததும் இவள்தானே. திங்கட்கிழமை பொய்ப்பல் வேண்டாமென்றவள் வெள்ளிக்கிழமை பொய்மானை எப்படி வைத்துக்கொள்வது?

"எல்லாரும் உட்காருங்க," என்றாள். "இன்னும் பதில் வரல. அது மனுசன்."

அவள் சொல்லி வாய் மூடவில்லை, சரிவின் வலதுபக்கத்திலிருந்து இன்னொரு முக்காரம் கிளம்பியது. இது கொஞ்சம் மெல்லிசு, ஆனால் வெகு ஆவேசம். உடனே இடதுபக்கத்து முக்காரம் கோபமாகப் பதில் கொடுத்தது. வலது விடவில்லை. இடதும் விடவில்லை.

"அது டோர்மட் மாமா!" என்று லாக்லன் வாயைப் பொத்திக்கொண்டான். ஆற்றுக்கு அந்தப்பக்க எஸ்டேட்டின் வேட்டைக்காரர், இவர்கள் அம்மாவின் தம்பி. அவரிடம் யார் போய் அழுதது என்று கேட்க வேண்டியதே இல்லை. லாக்லனின் காது சிவந்திருந்தது.

இரண்டு பேருக்கும் மற்றவர் வந்தது தெரியாது. பிள்ளைகளை ஏமாற்ற வந்தவர்கள், இப்போது எதிரே கத்துவது நிஜக் கலைமான் என்று நம்பிவிட்டார்கள். வேட்டைக்காரன் புத்தி விடுமா? குன்றின் மேலிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. இடப்பக்கப் புதரில் ஒரு ட்வீட் கம்பளித் தொப்பி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. வலப்பக்கம் இன்னொரு தொப்பி. நாற்பது வருட அனுபவம் இந்தப்பக்கம், முப்பது வருட அனுபவம் அந்தப்பக்கம். ஒரு குச்சி முறியவில்லை. நடுவே ஓடிய கறுப்புச் சேற்றுக் கால்வாய்க்குள் இருவரும் மார்பால் ஊர்ந்து இறங்கினார்கள்.

"மாமாவோட பின்பக்கம் மட்டும் தெரியுது மிஸ்," என்றான் லாக்லன். ஏழு பிள்ளைகளும் கையைக் கடித்துக்கொண்டு குலுங்கினார்கள். ரோனா தன் சால்வையை வாயில் திணித்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் ஹெக்டரீனா யோசனையாகச் சொன்னாள்: "ரெண்டு பேரும் காத்து வர்ற பக்கமா உட்காந்திருக்காங்க மிஸ். நிஜ மான் அங்கேருந்து வரவே வராது. நாம யாருன்னு மோந்து பாக்கணும்னா சுத்திக்கிட்டு குமிழி போற பக்கம்தான் வரும். நாம இவ்வளவு நேரமும் தப்பான பக்கம் பாத்துக்கிட்டிருக்கோம்."

எட்டு பேரும் ஓசையில்லாமல் தெற்கே திரும்பிப் படுத்தார்கள்.

"லாக்லன், நீ இன்னும் ஊதவே இல்ல."

"என்னோடது உடைஞ்சிருச்சே மிஸ்."

"பரவாயில்ல, ஊது."

அவன் ஊதினான். நசுங்கிய குழாயிலிருந்து முக்காரம் வரவில்லை. கட்டிய தொண்டையின் கரகரப்புதான் வந்தது, அதுவும் பாதியில் உடைந்து. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மாதம் கத்தி ஓய்ந்த கிழட்டுக் கலைமான் அக்டோபர் கடைசியில் இப்படித்தான் கத்தும்.

பிர்ச் மரங்களுக்குள்ளிருந்து அதே கரகரப்பில் பதில் வந்தது. பிறகு கிளைகள் விலகின.

நாற்பது அடி தூரம்கூட இருக்காது. சேற்றில் புரண்டு கறுத்த உடம்பு, நனைந்த பிடரி, ஒரு கிளை முறிந்த அகலக் கொம்பு. நின்றது. மூச்சு ஆவியாகப் பறந்தது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து முக்காரமிட்டது. அந்த ஓசை தரை வழியாக ஏறி ரோனாவின் விலா எலும்புக்குள் அதிர்ந்தது. திறந்த வாயில் மேலே முன்பல் இல்லை. அவள் பார்த்தாள்! தன் கண்ணால் பார்த்தாள்!

யார் ஊதினார்களோ, ஒரு குமிழி அவர்களைத் தாண்டிக் கீழே மிதந்து போனது. கலைமான் அதையே பார்த்தது. குமிழி அதன் மூக்குப் பக்கம் போய் உடைந்தது. மனித வாடை. தலையை ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, நாலே பாய்ச்சலில் ஓடையைத் தாண்டி மறைந்தது.

அப்புறம் எழுந்த கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும்! பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உருண்டார்கள். லாக்லனைத் தூக்கிச் சுற்றிய ரோனா தானும் புதரில் விழுந்தாள்.

அதே நேரம் மேலே கால்வாயில் வேறு ஒரு கூச்சல்.

"மச்சான், நீயா?"

"மாமா, நீங்களா? ஒரு மணி நேரமா ஒரு பன்னிரண்டு கிளைக் கொம்பனைத் துரத்துறேன்னு நினைச்சேன்!"

"உன் மெல்லிசுக் குரலைக் கேட்டு ரெண்டு வயசுக் குட்டின்னு நானும்தான் நினைச்சேன், போ!"

தாடி வரை கறுப்புச் சேறு வழிய இருவரும் குன்றுக்கு வந்தார்கள். ஃபார்க்கர் வெட்கத்தை மறைக்கச் சத்தமாகப் பேசினார். "சரி, சரி. கடைசியா ஒரு முக்காரம் கேட்டுச்சே, அது எந்தப் பிள்ளை? அச்சு அசல் கலைமான்! இவ்வளவு நல்லா ஊதுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "அது கலைமானேதான்ப்பா," என்றாள் ஹெக்டரீனா.

"அப்பா காதுலயே பூ சுத்துறியா?"

அவள் பையிலிருந்து வெள்ளை மாவையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கினாள். மற்றவர்களும் பின்னாலேயே ஓடினார்கள். தடத்துக்குள் இன்னும் நீர் ஊறிக்கொண்டிருந்தது. துணியால் ஒற்றி எடுத்து, கரைத்து, ஊற்றினார்கள். அது இறுகும் வரை அரைமணி நேரம் எல்லோரும் குந்தியிருந்து, பெகி கொடுத்தனுப்பிய ஃபிளாஸ்கிலிருந்து தேநீரும் ஓட்ஸ் ரொட்டியும் சாப்பிட்டார்கள். ஹெக்டரீனா அச்சைப் பெயர்த்து, சேற்றைத் துடைத்து, அப்பாவின் கையில் வைத்தாள்.

நாலு விரல் அகலக் குளம்பு. வலது நுனியில் ஒரு பிளவு.

ஃபார்க்கர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பெருவிரலால் அந்தப் பிளவைத் தடவினார். "மூணு வருஷம்," என்றார் கடைசியில். "இவனை நேருக்கு நேர் ஒரு தடவை பாக்கணும்னு மூணு வருஷம். இன்னைக்கு வந்திருக்கான், நான் இந்த டோர்மட்கூடச் சேத்துல தலைகீழா கிடந்திருக்கேன்."

"சுடுவீங்களாப்பா?"

"கலைமான் வேட்டைதான் போன வாரமே முடிஞ்சிருச்சே. பொழைச்சுக் கிடக்கட்டும்." அவர் ரோனாவின் பக்கம் திரும்பினார். "என் சத்தம்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா டீச்சர்?"

"ஹெக்டரீனா சொன்னா. உங்க பதிலை நாங்க சேத்துக்கல. மன்னிச்சுக்கோங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். அதிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. "சாயங்காலம் லெட்டர் எழுதிடுறேன். டோர்மட், நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. எதுக்கு ஒரு மணி நேரம் சேத்துல கிடந்தோம்னு மட்டும் அதுல எழுத வேண்டாம்." கிளம்பப் போனவர் நின்றார். தயங்கினார். குரலைத் தாழ்த்தி, மச்சான் காதில் விழாதபடி கேட்டார்:

"டீச்சர்... அந்தச் சோப்புத் தண்ணி ஏதும் மிச்சம் இருக்கா?"

ரோனா பாட்டிலை நீட்டினாள். நாற்பது வருட வேட்டைக்காரர் திரும்பி நின்று, கம்பியை உதட்டருகே பிடித்து, பூப்போல ஊதினார். குமிழிகள் வரிசையாக எழும்பி, ஓடைக்கரைப் பாறையில் மோதி, வளைந்து திரும்பின. அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்து அவர் மூக்கிலேயே உடைந்தது.

"மனுச வாடை!" என்று ஏழு பிள்ளைகளும் கத்தினார்கள். "மறுபடி முதல்லேருந்து வாங்க!"